செக்கடியில் ஒரு சுவைக்கூடம்: செட்டிநாட்டு நிலத்துக்கு ஏற்பக் கட்டும் வழி

செக்கிலிருந்து அன்று இறங்கிய கடலை எண்ணெயில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். முதலில் பச்சைக் கடலையின் மணம் வரும். கைச்சூடு ஏறியதும் அதன் அடியிலிருந்து லேசான இனிப்பு வாசனை எழும். வெயில் படும் அலமாரியில் மூன்று மாதம் நின்ற புட்டியிலிருந்து அதே எண்ணெயை எடுத்து இப்படிச் செய்தால், பழைய பலகாரத் தூக்கைத் திறந்ததுபோல ஒரு காறல் மூக்கில் ஏறும். இந்த வித்தியாசத்தைப் பேசி விளங்கவைக்க முடியாது. ஆளை உட்காரவைத்துச் சுவைக்கக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

திராட்சை மது செய்கிறவர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்துகொண்டார்கள். நாசிக் பக்கத்துத் தோட்டங்களில், கொடிகள் கண்ணில் படும்படி ஒரு கூடத்தில் விருந்தினரை உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுவைக்கத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அந்தத் தொழிலை இங்கே அப்படியே நடத்த வழியில்லை. எங்கள் மண்ணில் விளைவதும் கடலையும் எள்ளும்தான். ஆனால் விளைந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே விளைபொருளைச் சுவைப்பது என்ற அந்த ஏற்பாடு எண்ணெய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகும் பக்கத்தில் எங்கள் கொல்லையில், அதாவது கடலையும் எள்ளும் விதைக்கும் மானாவாரி நிலத்தில், வாகை மரச்செக்கு ஓடுகிறது. அதன் அருகே ஒரு சிறிய சுவைக்கூடம் கட்டினோம். செய்த தவறுகளும் திருத்தியவையும் இப்போது தெளிவாக நினைவில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. செக்கு வைத்திருப்பவர்கள், வைக்கப் போகிறவர்கள், ஊருக்குத் திரும்பி வந்து பூர்வீக நிலத்தில் ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டடக் கலை படித்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்த்துவிடுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. யாரும் செய்ய விரும்பாத வேலையும் இதுதான். ஏனென்றால் காத்திருக்க வேண்டும். ஆனால் பிறகு பணம் போகும் இடங்களெல்லாம் இங்கே அவசரப்பட்டதால் வருபவை.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடப்பதைப் பார்த்து அது சமதளம் என்று நம்பிவிடுவோம். நானும் நம்பினேன். ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழையின் நடுவே எங்கள் கொத்தனார் அண்ணன் தலையில் சாக்கைக் கொங்காணியாக மாட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கூடை நிறைய ஓட்டுச் சில்லு. தண்ணீர் ஓடும் தடத்தில் பத்தடிக்கு ஒரு சில்லாகப் பதித்துக்கொண்டே போனார். மழை விட்ட பிறகு பார்த்தால், கூடத்துக்கு என்று நான் மனதில் குறித்து வைத்திருந்த இடத்தின் நட்டநடுவில் அந்தச் சில்லு வரிசை வளைந்து சென்றது. அது பழைய வரத்துக்கால். மேட்டு நிலத்துத் தண்ணீர் ஊருணிக்குப் போகும் வழி.

"தம்பி, வீட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், தண்ணீரின் பாதையை மட்டும் கேட்டுக்கொண்டு கட்ட வேண்டும்" என்றார். இடத்தை நாற்பதடி கிழக்கே தள்ளினோம்.

வரத்துக்காலை அடைப்பதால் வரும் கேடு உங்கள் கட்டடத்தோடு நிற்காது. கீழே இருக்கும் ஊருணி வறண்டுபோகும். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே வீட்டுக் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஊருணிக்குச் சேரும் கணக்கில் உருவானது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேச உலகப் பாரம்பரியப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது அரண்மனை போன்ற வீடுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால் அந்த வீடுகளைவிடப் பெரிய சாதனை இந்தத் தண்ணீர்க் கணக்கு.

அடுத்தது காற்று. ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். வெயில் காலத்து மாலைகளில் கிழக்கிலிருந்து கடற்காற்று எட்டிப் பார்க்கும். அது வந்ததும் உடம்பு இளகுவது தெரியும். மழைக்காலத்துச் சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. ஒரு மூங்கில் கழியில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி நட்டு, மாதம் நான்கு நாள் காலை, நண்பகல், மாலை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

காற்றோடு மணத்தையும் குறிக்க வேண்டும். சுவைக்கூடத்துக்கு இது உயிர்நாடி. மேற்கே தைலமரக் காடு இருந்தால் ஆடி முழுவதும் அந்த மணம் எண்ணெய்க் கிண்ணத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். செங்கல் சூளைப் புகை, ஆட்டுக் கிடை, உங்களுடைய பிண்ணாக்குக் குடோன் என்று ஒவ்வொன்றும் எந்தக் காற்றில் எங்கே வந்து சேர்கிறது என்று தெரிந்துவிட்டால் கட்டடத்தின் முகம் பாதி தீர்மானமாகிவிடும்.

இரண்டாம் படி: செக்கிலிருந்து எத்தனை அடி?

கூடத்தைச் செக்கை ஒட்டியே கட்டிவிட ஆசை வரும். வேண்டாம். மோட்டாரில் ஓடும் செக்கின் சத்தத்தில் நாக்கு சரியாக வேலை செய்யாது. ஆட்டும் இடத்தின் மணம் அவ்வளவு கனமானது, அங்கே ஐந்து நிமிடம் நின்றவருக்குக் கிண்ணத்தில் இருப்பதன் மணம் தெரியாமல் போய்விடும். வெகு தொலைவில் கட்டினாலும் தப்பு. செக்கைப் பார்க்காமல் எண்ணெயைச் சுவைத்தால் அது வெறும் கடைச் சரக்கு. எங்களுக்கு அறுபது எழுபது தப்படி சரியாக வந்தது. செக்கின் 'கிரீச்' என்ற ஒலி கேட்கும், பேச்சை மறைக்காது.

வண்டி நிறுத்தும் இடத்தைச் சாலையோரமே வைத்துவிடுங்கள். விருந்தினர் நடந்து வரட்டும். வெயிலில் வந்த கண்ணும், காரின் குளிர்சாதனத்தில் மரத்துப்போன மூக்கும் சரியாவதற்குச் சில நிமிடங்கள் தேவை. அந்த நடையில் என்ன கண்ணில் பட வேண்டும் என்பதை வரிசைப்படுத்துங்கள்: முதலில் கொல்லை, அடுத்து எள்ளோ கடலையோ காயும் களம், பிறகு செக்கு, கடைசியில் கூடம். நேர்க்கோட்டில் பாதை போட்டால் எல்லாம் ஒரே பார்வையில் தீர்ந்துவிடும். இருக்கும் பனையையும் வேம்பையும் சுற்றி வளைத்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாகத் திறக்கும். பாதைக்காக ஒரு பனையை வெட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

பாதைக்குச் செம்பூரான் கல் நல்லது. பூமிக்குள் இருக்கும்போது வெட்ட இளக்கமாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் கல் அது. நிலத்தின் நிறத்திலேயே இருப்பதால் போட்டது தெரியாமல் கிடக்கும். வழவழப்பான கல் மழையில் வழுக்கும், இது வழுக்காது.

மூன்றாம் படி: வெயிலை வைத்து அறைகளை அடுக்குதல்

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இதற்கு என்ன பொருள் என்றால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே இருக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று குளிர் நாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள். இங்கே அது தவறு. மே, ஜூன், ஜூலை மாதங்களில் வடகிழக்கிலிருந்து காலையிலும் வடமேற்கிலிருந்து மாலையிலும் வெயில் சரிந்து உள்ளே வரும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். அப்போது மூன்றடி இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) தெற்குச் சுவரில் சுமார் நான்கரை அடிக்கு நிழல் தரும்.

ஆகவே நாங்கள் வைத்த ஏற்பாடு இது. சுவைக்கும் கூடத்தின் பெரிய திறப்பு வடக்குப் பார்த்தது. அதன்மேல் மூன்றடி இறவாணம். வடமேற்கு மூலையில் ஏற்கெனவே நின்ற புங்க மரம் மாலை வெயிலை வாங்கிக்கொள்கிறது. மரம் இல்லாதவர்கள் அந்த மூலையில் ஒரு சிறகுச் சுவர் நீட்டலாம். நுழைவு கிழக்கே. மேற்குச் சுவரில் திறப்பே கிடையாது. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் இடம், கழிப்பறை, புட்டிகள் அடுக்கும் சிறிய அறை எல்லாம் வரிசையாக நின்று வெயிலையும் புழுதியையும் தாங்குகின்றன.

முதலில் மேற்கே ஒரு பெரிய கண்ணாடி வைத்திருந்தோம். சூரியன் மறைவது அழகாகத் தெரியும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வைத்தது. அழகாகத்தான் தெரிந்தது. நான்கு மணிக்குமேல் உள்ளே யாராலும் உட்கார முடியவில்லை. ஒரு கோடை முழுவதும் பார்த்துவிட்டுச் சுவரை எழுப்பி மூடினோம். அந்தச் செலவை நீங்கள் செய்ய வேண்டாம்.

பெரிய செட்டிநாட்டு வீட்டைச் சிறிதாக்கிக் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. அதைச் சுருக்கினால் பொம்மை வீடுபோல் ஆகிவிடும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: வெயிலுக்கும் நிழலுக்கும் இடையில் கண்ணைப் பழக்கும் திண்ணை, வெப்பக் காற்று மேலே ஏறிப்போக வழி விடும் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். எங்கள் முற்றம் பத்துக்குப் பத்துதான். அதில் விழும் வானத்து வெளிச்சமே கூடத்தின் பாதி விளக்கு.

அளவு? கூடம் பன்னிரண்டடிக்கு இருபதடி போதும். ஒரு நேரத்தில் ஆறு பேர், அதிகம் போனால் எட்டுப் பேர். அதற்குமேல் உட்காரவைத்தால் அது பந்தியாகிவிடும்.

நான்காம் படி: எதைக் கொண்டு கட்டுவது

இந்தப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். சுவைக்கூடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நிறம், விலை, உறுதி என்பவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வி உண்டு: அது மணக்குமா?

புதுப் பெயின்ட் வாரக்கணக்கில் மணக்கும். பழைய நிலைக்கதவு ஒன்றை வாங்கி வார்னிஷ் பூசினோம். திறந்து ஒரு மாதம்வரை வந்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணெயில் ஏதோ மருந்து வாசனை என்றார்கள். எண்ணெயில் ஒன்றுமில்லை. கதவைச் சுரண்டி எடுத்த அன்று அந்தப் பேச்சு நின்றது.

சுண்ணாம்புச் சாந்து இதற்கு நேர்மாறு. காய்ந்து இறுகிவிட்டால் மணமே இருக்காது, சுவர் மூச்சுவிடும், ஈரம் தங்காது. செட்டிநாட்டுப் பூச்சில் நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறல், பனைவெல்லம் எல்லாம் சேரும். மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். கையால் தடவினால் பளிங்குபோல் குளிர்ந்திருக்கும். முழுச் சுவருக்கும் அதைச் செய்யச் செலவும் நாளும் அதிகம். ஆட்கள் அமரும்போது தோளும் தலையும் படும் உயரம்வரை மட்டும் அந்தப் பூச்சைச் செய்து, மேலே சாதாரணச் சுண்ணாம்பு அடித்தால் போதும். வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் நாட்களைக் கொடுங்கள், குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், சில எச்சரிக்கைகளோடு. அது சூளையில் சுடாத கல். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் கலவையும் ஈரச் சாந்தும் போட்டு அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும் முகம்தான் அந்த வழவழப்பு. ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். அச்சைத் தூக்கும் நொடியில் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்குமே தவிர, கலக்காது. அந்தக் கையின் நிதானத்துக்கு எந்த இயந்திரத்தையும் ஈடு சொல்ல மாட்டேன்.

எச்சரிக்கைகள் இவை. சிமென்ட் கல் என்பதால் அமிலம் கலந்த தரை கழுவும் திரவம் படக் கூடாது, முகம் அரித்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் வீடுகளுக்கு நல்லது, சுவைக்கூடத்துக்கு ஆகாது. தரையில் ஒட்டிய எண்ணெய் சில நாளில் காறும். அந்த வாடை கூடம் முழுவதும் நிற்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மூன்றாவது, பூக்கோலக் கற்களைத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் போட்டுவிட்டு, மேசை இருக்கும் இடத்தில் ஒரே நிறக் கல்லைப் போடுங்கள். கண் அலைந்தால் நாக்கும் அலையும்.

கூரைக்கு நாட்டு ஓடு. பழைய வீடுகளில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கினால் வெப்பம் இறங்குவது குறையும். தகரக் கூரை போட்டுவிட்டுப் பிறகு குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்டுவதில் பயனில்லை.

தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண் கிடைக்கும். பார்த்தால் வாங்கத் தோன்றும். அது ஒரு வளவைத் தாங்கி நின்று, இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தது என்பதை மறக்காமல் வாங்குங்கள். எங்கள் கூரையைத் தாங்க நான்கு தூண் தேவைப்பட்டது, நான்கு வாங்கினோம். அழகுக்காக ஐந்தாவது வாங்கவில்லை.

ஐந்தாம் படி: மேசையும் வெளிச்சமும் மூக்கும்

உணவுச் சுவை சோதனை அறைகளுக்கு ஐஎஸ்ஓ 8589 என்று ஒரு சர்வதேச வழிகாட்டு நெறியே இருக்கிறது. அது வலியுறுத்துவது எளிய விஷயங்கள்தான்: மணமற்ற அறை, அமைதி, கண்ணை இழுக்காத சுவர் நிறம், சீரான வெளிச்சம், சீரான வெப்பநிலை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரும் வடக்கு வெளிச்சமும் இதில் பெரும்பகுதியைத் தாமே தந்துவிடும். மஞ்சள் பல்பு வேண்டாம். அதன் அடியில் எல்லா எண்ணெயும் பொன்னாகத் தெரியும்.

ஆலிவ் எண்ணெயைச் சோதிக்கும் நடுவர்கள் நிறம் தெரியாத கருநீலக் கண்ணாடிக் கிண்ணத்தில், 28 டிகிரி சூட்டில் வைத்துச் சுவைக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கிண்ணம். 28 டிகிரி நமக்குச் செலவில்லாமல் கிடைப்பது. செட்டிநாட்டில் நிழலான கூடத்தில் பல மாதங்களில் சுற்றுச்சூடே அதையொட்டித்தான் இருக்கும். எங்கள் கூடத்தில் நிறக் கிண்ணம் வைக்கவில்லை. நல்லெண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதும் ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தருகிறோம்.

பித்தளைக் கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எண்ணெய்க்கு வேண்டாம். செம்பு கலந்த உலோகம் எண்ணெய் காறுவதை விரைவுபடுத்தும். வெளிச்சமும் சூடும் காற்றும் அப்படியே. ஆகவே காட்சிக்கு வைக்கும் புட்டிகளில் எண்ணெய் நிரப்பி ஜன்னலோரம் அடுக்காதீர்கள். விற்கும் எண்ணெய் மேற்குப் பக்க அறையில் இருட்டில் இருக்கட்டும். அந்த அறைக்கு வெளிச்சுவர் இரட்டையாக இருந்தால் மிக நல்லது. பீங்கான் ஜாடிகள் செட்டிநாட்டு வீடுகளில் ஊறுகாய்க்கு நின்றவை. மூடி இறுக்கமாக இருந்தால் எண்ணெய்க்கும் பொருத்தம்.

பித்தளைக்கு வேறு இடம் இருக்கிறது. சுவைத்ததைத் துப்ப ஒரு கலம் வேண்டும். மதுச் சுவைக்கூடங்களில் இதற்கென்று வாளி வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் வெற்றிலைக்குப் படிக்கம் இருந்ததே, அதுதான். ஆளுக்கொரு சிறிய படிக்கத்தை மேசைக்குக் கீழே வையுங்கள். நாலைந்து எண்ணெயை விழுங்கச் சொன்னால் யாராக இருந்தாலும் திணறுவார்கள்.

வரிசை: தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கடைசியில் நல்லெண்ணெய். மென்மையிலிருந்து அழுத்தத்துக்கு. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் அதன் பின்சுவை நெடுநேரம் நிற்கும். அதை முதலில் கொடுத்துவிட்டால் மற்றவை எடுபடாது. நடுவில் வாய் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும், வெள்ளரித் துண்டோ கொய்யாக் காயோ போதும். வெறும் எண்ணெயைச் சுவைத்து முடித்த பிறகுதான் உணவு: உப்புக் குறைந்த இட்லி, மிளகாய்ப் பொடி, அந்த நல்லெண்ணெய். அல்லது அதே கடலை எண்ணெயில் சுட்ட தேன்குழலும் சீப்புச் சீடையும். இந்த இடத்தில் விருந்தினர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

மல்லிகைப் பூ, ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றும் சுவைக்கும் நேரத்தில் கூடத்துக்குள் வரக் கூடாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட மனமில்லை என்றால், கடைசி விருந்தினர் போன பிறகு போடுங்கள். காலைக்குள் காற்றில் போய்விடும். பரிமாறுகிறவர்கள் சென்ட் பூசாமல் வர வேண்டும். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: ஜன்னலுக்கு வெளியே

மானாவாரிக் கடலை ஆடிப்பட்டத்தில் விதைத்து ஐப்பசி வாக்கில் பிடுங்குவது. செடி மஞ்சளாய்ப் பூத்து, பூவின் அடியிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும். எள் பூக்கும்போது வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்க் கொல்லை நிறையும். மற்ற மாதங்களில் வெறும் செம்மண்தான். அந்த வெறுமையைக் கண்டு பயந்து புல்தரை போட்டுவிடாதீர்கள். புல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். அது இந்த மண்ணில் பொய்யாகவும் தெரியும். உழுது போட்ட செம்மண்ணில் மாலை வெளிச்சம் விழுவதைப் போல ஒரு காட்சி கிடைக்காது. அதற்கு நேராக ஜன்னலை வையுங்கள், உட்கார்ந்தவர் கண் உயரத்தில். நிற்பவர் உயரத்தில் அல்ல.

நடுவதானால் பூவரசு, புங்கம், வேம்பு, ஆவாரை. சீமைக் கருவேலம் இருந்தால் வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். மனோரஞ்சிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை வாசலோரம் வைத்தேன், கூடத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை.

ஏழாம் படி: தண்ணீர், கழிவு, அனுமதி

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 83,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 66,000 லிட்டர் மிஞ்சும். முற்றத்தின் அடியில் ஒரு தொட்டி, நிரம்பி வழிந்தால் வரத்துக்காலுக்கு ஒரு வழி.

பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் அந்த வழியில் சேரவே கூடாது. கழுவும் இடத்துக்கு வெளியே இரண்டு அறை கொண்ட ஒரு சிறிய தொட்டி கட்டினால், எண்ணெய் மேலே மிதந்து தங்கிவிடும். அடியிலிருந்து போகும் தண்ணீரை வாழைக்கு விடலாம். வாரம் ஒரு முறை மிதப்பதை வழித்தெடுக்க வேண்டும். வழித்தெடுக்காத தொட்டி நாறும்.

கட்டட அனுமதிக்கு ஊராட்சி அலுவலகத்தில் தொடங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ கட்டாயம். சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் சில்லறையாக அளந்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. சுவைக்கக் கொடுப்பது வேறு, விற்பது வேறு என்பதைப் பணியாளர்களுக்குச் சொல்லிவையுங்கள். விற்பது எல்லாம் மூடி முத்திரையிட்ட புட்டியிலேயே இருக்கட்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களையும் நினையுங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சாய்தளத்தின் கணக்கு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். கடைசியில் ஒட்டவைத்தால் அசிங்கமாக இருக்கும். முதல் நாளே பாதையின் வளைவோடு சேர்த்து எழுப்பிவிட்டால் அது சாய்தளம் என்பதே தெரியாது.

எட்டாம் படி: ஊராருக்கு முதலில்

வெளியூர்க்காரர்களுக்குத் திறப்பதற்கு முன் பத்து நாள் ஊராரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர்கள் சொல்வதுபோல் எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் முதல் நாள் வந்தார். திண்ணையில் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே வந்து வடக்கு ஜன்னலுக்கு நேரே அமர்ந்தார். கிண்ணத்தைத் தொடவில்லை. "கையில் விடு, அப்பச்சி" என்று உள்ளங்கையை நீட்டினார். நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"கருப்பட்டி கொஞ்சம் கூடுதல். எள்ளு நல்ல எள்ளு. எந்தக் கொல்லையில் விளைந்தது?"

நான் ஜன்னலைக் காட்டினேன். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற கொல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை ஆட்டிக் காட்டினார். பாதம் தரையில் எட்டவில்லை.

"எல்லாம் சரி. இந்தப் பெஞ்சு மட்டும் உயரம். கால் தொங்கினால் எனக்கு ருசி தெரியாது."

மறுநாள் கொத்தனார் அண்ணன் வந்து, பதினெட்டு அங்குலத்தில் இருந்த கல் பெஞ்சைப் பதினாறாக இறக்கிவிட்டுப் போனார்.